கண்மாயில் ஒரு பங்கு

எனக்கு மசக்கை வந்த விஷயம் ஊர்க்கூட்டத்தில், மைக் வைத்து, விவாதிக்கப்பட்டது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பிப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஊரையே உதறிவிட்டு பஸ் ஏறியிருப்பேன். எழுந்து நிற்கத் தெம்பு இல்லாததால் படுத்தே கிடந்தேன்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்குக் கௌரவ விரிவுரையாளர் வேலை. முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் என்று ஒரு பாடம் உண்டு. வணிகவியல் படித்தாலும் சரி, கணிதம் படித்தாலும் சரி, அதை எழுதித் தேறியாக வேண்டும். யாருக்கும் வேண்டாத பாடம் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பை அதற்குத் தள்ளிவிடுவார்கள். நான் பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் புதுப்பிக்கத்தக்க வளம், அந்தப் பக்கம் புதுப்பிக்க இயலாத வளம் என்று எழுதிவிட்டுத் திரும்பும்போது கடைசி இரண்டு பெஞ்சும் சாய்ந்திருக்கும். நிலக்கரியும் பெட்ரோலும் அந்தப் பக்கம். காடு, மீன், மழைநீர் இந்தப் பக்கம். "புதுப்பிக்கத்தக்கது என்றால் அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும் என்று அர்த்தம் இல்லை. திரும்ப வருவதற்குக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும்" என்று ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன். தூங்குகிறவர்களை நான் எழுப்புவதில்லை. நானே அந்த நேரத்தில் கொட்டாவியை அடக்கிக்கொண்டுதான் நிற்பேன்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருமுறை உண்டாகி, தங்காமல் போயிருந்தது. அதனால் மார்கழியில் மறுபடியும் நாள் தள்ளிப் போனபோது நான் சந்தோஷப்படவே பயந்தேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "பஸ் பயணம் கூடாது, ரெஸ்ட் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார். திருப்பரங்குன்றத்தில் என் அம்மா வீட்டில் அண்ணி அப்போதுதான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அங்கே எனக்கு இடமும் இல்லை, என்னைப் பார்க்க ஆளும் இல்லை. என் கணவர் மதுரையில் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் ராத்திரிதான் வருவார். கடைசியில் ஒரு காரை வாடகைக்குப் பிடித்து, கொட்டாம்பட்டிக்கு உள்ளே இருக்கும் மாமனார் மாமியார் வீட்டில் கொண்டுபோய் என்னை இறக்கினார்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் கண்மாய்க்கரை. வானத்தை மட்டும் நம்பின கண்மாய் அது. அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து, தண்ணீர் கலுங்கு வழியாக வெளியே வழிந்து ஓடியிருந்தது. ஊர்க்காசு போட்டு மீன்குஞ்சும் வாங்கி விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் இதற்கு ஒரு கட்டு உண்டு. குஞ்சு விட்ட நாள் முதல் யாரும் வலை வீசக்கூடாது, தூண்டில் போடக்கூடாது, கையை விட்டுத் தடவக்கூடக் கூடாது. அறுப்பு முடிந்து, கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டி எல்லாவற்றுக்கும் தகவல் போகும். ஊர்த்தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். அவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை எடுத்து வீசுவார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் இறங்கலாம், எந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பிடித்ததை விற்கக்கூடாது, குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அதுவரைக்கும் வருடத்துக்கு ஒரு வீடு முறை வைத்துக் காவல். அந்த வருடக் காவல் எங்கள் மாமாவுடையது.

மாமா ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு. ஆனால் காவலுக்கு என்று கையில் கம்பை எடுத்துவிட்டால் நாரையைக்கூட அதட்டுவார். அத்தை அவரை, "கலெக்டர் ரவுண்ட்ஸ் கெளம்பிட்டாரு" என்று கேலி செய்வாள்.

தை பிறந்ததும் வாந்தி ஆரம்பித்தது. வாந்தி என்றால் எல்லோருக்கும் வருகிற வாந்தி இல்லை. சோறு வேகிற வாடை ஆகாது, தாளிக்கிற வாடை ஆகாது, சோப்பு வாடை ஆகாது. தண்ணீர் குடித்தால் தண்ணீரும் வெளியே வந்துவிடும். அத்தை மாதுளை உரித்துக் கொடுத்தாள், இஞ்சி தட்டிக் கொடுத்தாள், நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் தடவினாள். எதுவும் நிற்கவில்லை. ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போயின. கொட்டாம்பட்டி கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "எதாவது உள்ள போய்த் தங்கணும்மா, இல்லன்னா மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் அட்மிட் பண்றதுதான் வழி" என்று அந்த டாக்டர் சொன்னார். முந்தின தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, 'இந்த ஒரு தடவை என்னை விட்டுப் போகாதே' என்று கெஞ்சிக்கொண்டே கிடப்பேன்.

ஒரு சாயங்காலம் கண்மாய்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. சேறும் பாசியும் கலந்த வாடை. எந்த வாடை பட்டாலும் குமட்டுகிற எனக்கு அதை முகர்ந்ததும் நாக்கில் நீர் ஊறியது. பல நாளைக்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது. அடுப்படியில் இருந்த அத்தையிடம் எதையும் யோசிக்காமல் சொன்னேன்.

"அத்தை, கண்மாய் விரால் குழம்பு வச்சு ஒரு வாய் சாப்பிடணும்போல இருக்கு."

அத்தை கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமாவும் மெல்லுவதை நிறுத்தினார். நான் என்ன கேட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது அத்தையின் உறுதியான நம்பிக்கை. துண்டு வீசுவதற்கு முன்னால் கண்மாயில் கை வைக்கக்கூடாது என்பது மாமாவுக்கு நம்பிக்கைக்கும் மேலே. இரண்டும் அன்றைக்கு ஒரே வீட்டில் முட்டிக்கொண்டன.

"ஒத்த மீனு. யாரு பாக்கப் போறா?" என்றாள் அத்தை.

"நான் பாப்பேன்ல" என்றார் மாமா.

"நீங்கதானய்யா பிடிக்கவே போறீக!"

"அதேன் சொல்றேன். காவக்காரன் பாத்துக்கிட்டுல இருப்பேன்."

அத்தை பாத்திரங்களை உருட்டினாள். நான் "வேண்டாம் அத்தை, சும்மா சொன்னேன்" என்று மழுப்பினேன். ஆனால் கண்ணை மூடினால் மண்சட்டியில் விரால் துண்டு கொதிப்பது தெரிந்தது.

அடுத்து அத்தை செய்த காரியத்தை அவள் மட்டும்தான் செய்ய முடியும். மேலூர் சந்தைக்கு ஆளனுப்பி, பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த விரால் ஒன்றை உயிரோடு வாங்கி வரச் சொன்னாள். அதைப் பின்கட்டில் ஒரு குண்டானில் போட்டு, கண்மாய்த் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றி, கண்மாய்ச் சேற்றையும் இரண்டு கை அள்ளிப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஊறவிட்டாள். ஊறினால் அது கண்மாய் மீனாகிவிடும் என்பது அவள் கணக்கு. மறுநாள் மணக்க மணக்கக் குழம்பு வைத்து, "மாமா மனசு மாறிட்டாருத்தா" என்று பொய்யும் சொல்லித் தட்டில் வைத்தாள்.

முதல் வாய் தொண்டையில் இறங்கவில்லை. கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இது தொட்டி மீனு அத்தை" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அத்தைக்கும் கண் கலங்கிவிட்டது. "ராத்திரியெல்லாம் ஊறுச்சேடி" என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. குழம்பு மொத்தத்தையும் பக்கத்து வீட்டுப் பூனை சாப்பிட்டது.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகப் பரணில் இருந்து தூண்டில் கம்பை எடுத்தார். "நான் ஒண்ணு போட்டு எடுத்துட்டு வாரேன். வந்தது வரட்டும்."

"போட்டுப் பாரு. ஒன்னய நானே பிடிச்சு மந்தையில நிறுத்துவேன்" என்றார் மாமா.

"அப்ப ஊர்ல கேளுங்கப்பா! அவ இப்படியே கெடந்தா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் போனது அம்பலம் வீட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் இருக்கும் மந்தையில் ஊர்க்கூட்டம். அந்த ஊருக்கு மைக் இல்லாமல் பேசத் தெரியாது. கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் இருக்கும். நான் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கோயில் வெள்ளையடிப்பு, தெருவிளக்கு என்று என்னென்னவோ பேசினார்கள். அப்புறம் அம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்மாய்க் காவக்காரரு வீட்டு மருமகப் பொண்ணுக்கு வாந்தி நிக்கல. கண்மாய் வெரா வேணுமாம். ஊரு என்ன சொல்லுது?" என்றார். என் வாந்தி கொட்டாம்பட்டி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஒரு மீனுதானப்பா, குடுங்கப்பா" என்றது ஒரு இளவட்டக் குரல்.

"ஒரு மீனுதான்னுதேன் எல்லாரும் ஆரம்பிப்பீக. நாளைக்கு ஊரெல்லாம் மசக்கைன்னு வந்து நிப்பாளுக."

"எம் பொண்டாட்டி கேட்டப்ப எவென் குடுத்தான்? சிங்கம்புணரிக்குப் போயில்ல வாங்கியாந்தேன்?"

"காவக்காரன் வீட்டுக்கே மொத மீனா? நல்லா இருக்குய்யா நாயம்!"

போர்வைக்குள் கிடந்த எனக்கு இது எல்லாம் என் பாடத்தின் மூன்றாவது அலகு என்று நினைப்பு ஓடியது. பொதுவளம் எப்படிக் காலியாகிறது என்று வகுப்பில் சொல்வேன். ஒவ்வொருவனும் நான் எடுப்பது ஒன்றுதானே என்று நினைக்கிறான், ஒரு நாள் பார்த்தால் எடுக்க ஒன்றும் இல்லை. பாடம் நடத்துகிறவளாகப் பார்த்தால் எனக்கு மீன் கொடுக்கக்கூடாது என்றவர்கள் பேசியதுதான் சரி. என் வயிறுதான் எதிர்க்கட்சியில் இருந்தது.

அப்போது ஒரு பெண் குரல் மைக் இல்லாமலே கேட்டது. நூறு நாள் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு அக்கா. அவளுக்கு மைக் தேவையில்லை.

"அவளா கேக்குறா? அவ நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. இம்புட்டு நாளு கேக்காதவ இப்ப எதுக்குக் கேக்கப் போறா? வயித்துல கெடக்கறதுல்ல கேக்குது. அது இந்த ஊரு ஆளா, இல்லையா? அதுக்குக் கண்மாயில பங்கு இருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் போர்வையை விலக்கினேன்.

"இருக்கு" என்றார் அம்பலம். "பங்கு இருக்கு. ஆனா பங்குன்னு வந்தா ஒரு தடவதான். இந்தா, இப்பவே குடுத்துருவோம். மீன்பிடி அன்னைக்கு அவுக வீட்டுல அப்பனும் மகனும் ரெண்டு ஊத்தா எறக்குவாக. இந்தத் தடவ ஒண்ணுதேன் எறங்கணும். புள்ள தன் பங்க முன்னாடியே எடுத்துக்கிருச்சு, அவுக வீட்டுல ஒரு ஆளு கொறையும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மாமா. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. தண்ணீரில் அமுக்கினால் மீன் உள்ளே மாட்டும், மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஊத்தாவோடு இறங்கவில்லை. ஊரே கரையில் உட்கார்ந்து பார்க்க, மடைக்கல்லில் நின்று ஒரே ஒரு தூண்டில் போட்டார். முதலில் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டியது. "பங்கு வெராலுக்குத்தான், விடு அத" என்றார்களாம். அடுத்து ஒரு சின்ன விரால். "அது குஞ்சு, அதயும் விடு." உச்சிவெயில் ஏறியும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். கடைசியில் முழங்கை நீளத்துக்கு ஒன்று மாட்டியபோது, எனக்குக் கொடுக்கக்கூடாது என்று வாதாடிய ஆளே வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அத்தை காலையிலேயே மசாலா அரைத்துவிட்டாள். அவளுக்குத் தீர்ப்பைப் பற்றிக் கவலையே இருக்கவில்லை.

நான் சாப்பிட்டேன். மண்வாடையும் புளியும் காரமுமாக உள்ளே போனது, போன இடத்தில் நின்றது. மாமா அடுப்படிக்கு வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் கொல்லைக்கு ஓடுகிறேனா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இன்னொரு கரண்டி ஊத்துங்க அத்தை" என்று நான் சொன்னதும் அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. கம்பை எடுத்துக்கொண்டு காவலுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் வாந்தி மெல்ல மெல்ல நின்றது. மருந்து வேலை செய்ததா, மாதம் ஏறியதா, மீன்தானா, எனக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும். ரசம் சாதம் தங்கியது, கருவாடு தங்கியது, மாலையில் வறுத்த கடலை தங்கியது. மாமா தினமும் கரையிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்று, "பங்காளி என்ன சொல்றான்?" என்று கேட்பார். என்னிடம் கேட்பதாகத்தான் தோன்றும். ஆனால் அவர் பார்வை என் வயிற்றில் இருக்கும். நான், "தண்ணி எம்புட்டு இறங்கியிருக்குன்னு கேக்குறான் மாமா" என்பேன். அவரும் நம்பிக்கையாக, "மடைக்கல்லுக்கு ரெண்டு படி கீழ நிக்குதுன்னு சொல்லு" என்பார்.

ஊர்க்காரர்களும் அப்படித்தான். வீட்டைக் கடந்து போகிற யாரும், "மீனு தின்ன புள்ள நல்லா இருக்கா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே, ஆணா பெண்ணா என்று தெரிவதற்கு முன்பே, அந்தக் குழந்தை ஊரில் ஒரு ஆளாகிவிட்டது. கரையில் யாராவது என் கணவரைப் பார்த்தால், "என்ன மாப்ள, இந்த வருசம் வேடிக்கைதானா?" என்று சீண்டுவார்கள். "எம்பிள்ளை தின்னுட்டான், நான் பட்டினி" என்று அவர் பெருமையாகச் சலித்துக்கொள்வார். அந்த ஊரில் அவர் அதிகமாகச் சொன்ன சொல் அதுதான். எம்பிள்ளை, எம்பிள்ளை.

கல்லூரியிலிருந்து விடைத்தாள் கட்டு ஒன்றை அனுப்பி வைத்திருந்தார்கள். கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து திருத்துவேன். நீடித்த வளர்ச்சி என்றால் என்ன என்பது கேள்வி. வருங்காலத் தலைமுறையின் தேவைகளைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வது என்று எல்லோரும் மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், 'வருங்காலத் தலைமுறை என்பவர்கள் நமக்கு முகம் தெரியாத ஆட்கள், அதனால்தான் நாம் அவர்களை மறந்துவிடுகிறோம்' என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தாள். நான் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். உள்ளே லேசாக ஒரு அசைவு தெரிந்தது. மீன் துள்ளுவது போலத்தான் இருந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம் இடுப்பு வலித்தது. சாதாரண வலி என்று நினைத்தேன். கால் வழியே ரத்தம் இறங்கியபோது அத்தை போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. மதுரைக்குப் போகிற வழி முழுக்க நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தார்கள். குழந்தை தங்கவில்லை.

இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வரவில்லை. பிள்ளை பிறந்து இறந்தால் செய்வதற்குச் சில காரியங்கள் இருக்கின்றன. இதற்கு ஒன்றும் இல்லை. பெயர் இல்லை, படம் இல்லை, எந்தக் கணக்கிலும் இல்லை. பார்க்க வந்தவர்கள், "அடுத்தது நல்லாத் தங்கும்" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு அடுத்தது வேண்டாம், போனது வேண்டும் என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை, காபி கொடுத்து அனுப்பினேன். மாமா வந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்காமல் எழுந்து போனார்.

என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். எனக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தார், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். ஆனால் எம்பிள்ளை என்ற அந்தச் சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது. பேச்சு அந்தப் பக்கம் போனால், "அது" என்பார். "அது நடந்தப்ப", "அதுக்கப்புறம்". இவரும் மறந்துவிட்டார், நான் ஒருத்திதான் சுமந்தேன், நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் மேல் கோபம் கோபமாக வரும்.

வைகாசியில் மாமா போன் செய்தார். மீன்பிடிக்கு நாள் குறித்தாயிற்று, இரண்டு பேரும் வாருங்கள் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அம்பலம் சொல்லிவிட்டாரு. ரெண்டு ஊத்தாவும் எறக்கச் சொல்றாக. அந்தப் பேச்சு இனிமே இல்லையாம். ஊருல யாரும் எதுவும் கேக்கமாட்டாக" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் கணவர், "சரிப்பா" என்றார்.

ஊர் இரக்கப்பட்டுத்தான் விட்டுக்கொடுத்தது. எனக்குத் தெரியாதா? ஆனால் அதைக் கேட்டதும், வெளியே தெரியாமல் எனக்குள் ஏதோ அறுந்து போனது. என் பிள்ளை இந்த உலகத்தில் ஒரு ஆள் என்று எண்ணப்பட்டது அந்தக் கண்மாயில் மட்டும்தான். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாமல், துணிமணியை எடுத்துப் பையில் அடுக்கினேன்.

அன்றைக்கு விடிவதற்குள்ளேயே கரை நிறைந்துவிட்டது. டூவீலரிலும் ஆட்டோவிலும் மினிவேனிலுமாக எங்கெங்கிருந்தோ ஆட்கள். ஊத்தாவும் வலையும் கச்சா என்கிற கைவலையுமாக ஆளுக்கொன்று. தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. எல்லோரும் கரையோரம் நின்று அம்பலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கழுவிக் காயவைத்த இரண்டு ஊத்தாக்களை மாமாவும் என் கணவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் வந்து கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அந்த நூறு நாள் வேலை அக்கா தூரத்தில் இருந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை, கையை மட்டும் நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

அம்பலம் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் துண்டை வீசினார். ஓவென்று ஒரு சத்தம். கரையே சரிந்து உள்ளே விழுந்தது போல இருந்தது. ஒரு நொடியில் தண்ணீர் சேறாகி, தெரிந்ததெல்லாம் தலைகளும் கூடைகளும்தான். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போய் மறைந்தார்.

என் கணவர் போகவில்லை. ஊத்தாவைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்காக உட்கார்கிறார் என்று நினைத்து, "நீங்க போங்க, நான் இருந்துக்குவேன்" என்றேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அவருடைய சிநேகிதர் ஒருவர் பார்த்துவிட்டார். கூடப் படித்தவர், மசக்கை நாளில் அவரை அதிகமாகச் சீண்டியவரும் அவர்தான்.

"மாப்ள! எறங்குடா! அதேன் ரெண்டு பேரும் எறங்கலாம்னு ஊரே சொல்லியாச்சுல்ல!"

"இல்ல மாப்ள" என்றார் என் கணவர். அந்தக் கூச்சலில் அது கேட்டிருக்காது. எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, கண்மாய் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார்.

"எம்பிள்ளை பங்க எடுத்தாச்சுடா! எங்க வீட்டுல ஒரு ஆளு கம்மி!"

பக்கத்தில் இருந்த சிலர் குனிந்தபடியே நின்றுவிட்டார்கள். அந்தச் சிநேகிதர் எங்கள் இருவரையும் ஒரு கணம் பார்த்தார். "சரி மாப்ள" என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் ஊத்தாவைத் தண்ணீரில் அமுக்கினார்.